திண்ணை எங்கே போயிற்று?

வீட்டைக் கட்டிப்பார், திருமணத்தை நடத்திப்பார் என்பது தமிழரின் பட்டறிவு பேசும் பழமொழி. இற்றைத் தமிழன் அவ்விரு தொல்லைகளையும் பிறர் தலையில் ஏற்றிவிட்டான். திருமணத்தை மண்டபத்தார் நடத்திக் கொடுக்கின்றனர். வீட்டை அடுக்ககம் கட்டி விற்போர் கட்டிக் கொடுக்கின்றனர். அவன் செய்வதெல்லாம் பணத்தைக் கட்டித் திறவுகோலை வாங்கிக்கொள்வதே. கட்டுந் தொல்லை ஒழிந்தது நன்றே. ஆனால் அத்தொல்லையோடு, தன் வீடு எவ்வாறு இருத்தல் வேண்டும் என்று எண்ணும் கடமையும் உடன் ஒழிந்தது. பிறர் எண்ணிக் கட்டிய பெட்டிக்குள் தன் வாழ்வை மடித்துத் திணித்துக்கொள்ளும் நிலைக்கு அவன் வந்துவிட்டான்.

வீட்டைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவர் தமிழகத்தில் இலர். தேநீர்க்கடையில் நிற்கும் நால்வருள் ஒருவர் அடுக்ககம் வாங்கியிருப்பார். ஒருவர் வாங்கப் போவார். ஒருவர் வாங்கி ஏமாந்திருப்பார். நான்காமவர் அம்மூவர்க்கும் அறிவுரை கூறுவார். 'அடுக்ககந்தான் காவலுக்கு நல்லது. பூட்டிக்கொண்டு பத்து நாள் ஊருக்குப் போகலாம்' என்பது ஒரு கருத்து. 'தனி வீட்டைக் கூட்டிப் பெருக்க ஆளில்லை' என்பது மற்றொன்று. 'முற்றம் விட்டால் ஓர் அறை வீண்' என்பர் சிலர். 'அடுக்களைக்குச் சுவர் எதற்கு? அது பழங்காலம்' என்பர் இளையோர். 'திண்ணை கட்டினால் தெருவில் போவோரெல்லாம் வந்து குந்திக்கொள்வர்' என்பர் பலர். இவற்றுட் சில உண்மை. சில பாதி உண்மை. சில, விற்போர் சொல்லிக்கொடுத்த பாடத்தை வாங்குவோர் தம் கருத்தென ஒப்பித்தல். எது எத்தகையது என்று பிரித்தறிவது தமிழ் வாழ்வில் பற்றுடையார் கடமை.

முதலிற் சொற்களை நோக்குக. தமிழர் வீட்டின் உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. திண்ணை, இடைகழி, கூடம், முற்றம், தாழ்வாரம், அடுக்களை, புழைக்கடை, கிணற்றடி, மாடம், பரண் எனத் தெருவிலிருந்து கொல்லை வரையில் சொல்லாலேயே ஒரு வீட்டைக் கட்டிக் காட்டலாம். செட்டிநாட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்பர். கொங்குநாட்டார் தொட்டிக்கட்டு வீடு என்பர். யாழ்ப்பாணத்தார் நாற்புறமும் அறைகளும் நடுவில் முற்றமும் அமைந்ததை நாற்சார் வீடு என்றனர்; வெயிலுக்கும் மழைக்கும் வழிப்போக்கர் ஒதுங்குமாறு கூரையிட்டுக் கட்டிய தலைவாயிலைச் சங்கடப்படலை என்றனர். இத்துணைச் சொற்களும் இன்று 'டூ பெட்ரூம், ஆல், கிச்சன்' என்னும் ஒரு தொடரில் அடங்கிப் போயின.

இதனை ஆங்கில மயக்கம் என்று மட்டும் கூறி விடுதல் முழு உண்மையாகாது. கூடமும் அடுக்களையும் படுக்கையறையும் இன்றும் உள. அவற்றை ஆங்கிலத்தால் அழைப்பது மயக்கமே, அதற்கு மன்னிப்பில்லை. ஆனால் முற்றமும் திண்ணையும் இடைகழியும் அடுக்ககத்தில் இல்லவே இல்லை. பொருள் ஒழிந்த பின் சொல் எங்ஙனம் வாழும்? பத்தாம் மாடியிற் பிறந்து வளரும் குழந்தைக்கு முற்றம் என்னுஞ் சொல்லை ஆசிரியர் படம் வரைந்துதான் விளக்க வேண்டியுள்ளது. சொல்லைக் காப்பதற்காகப் போராடுவோர், அச்சொல் குறித்த பொருளைக் காப்பதற்கும் போராட வேண்டும். அகரமுதலியில் மட்டும் வாழும் திண்ணையில் எவரும் அமர முடியாது.

அடுத்து, முற்றம் வீண் என்னுங் கருத்தை நோக்குக. தமிழகம் வெம்மை மிக்க நாடு. இங்கு வீட்டின் முதல் வேலை வெயிலைத் தடுத்துக் காற்றைக் கொணர்வதே. பலகணிக்குத் தமிழன் இட்ட பழம்பெயர்களுள் ஒன்று காலதர்; சிலப்பதிகாரத்தில் அச்சொல் உளது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. பெயரிலேயே அதன் வேலை அடங்கியுள்ளது. பல சாளரங்களையுடைய இல்லங்களிற் காற்று ஒலித்து இயங்கியதை மதுரைக்காஞ்சி கூறுகின்றது. நெடுநல்வாடையோ, வேனிற்காலப் படுக்கையிடத்தில் தென்றலைக் கொணரும் சாளரங்கள் இருந்தமையையும், வாடை வீசும் கூதிர்க்காலத்தில் அவை அடைபட்டுக் கிடந்தமையையும் நுட்பமாகக் காட்டுகின்றது. பருவத்திற்கேற்ப வீட்டைத் திறக்கவும் மூடவும் தெரிந்த மக்கள் வாழ்ந்த நாடு இது.

முற்றத்தின் இயக்கம் எளிது. வெப்பமுற்ற காற்று மேலெழும். முற்றத்தின் வழி அது வெளியேறுங்கால், நிழல் படிந்த திண்ணைப் புறத்திலிருந்தும் கொல்லைப் புறத்திலிருந்தும் தண்ணிய காற்று உள்ளே வரும். காற்றுக்கு நுழைவாயில் மட்டும் போதாது. வெளியேறும் வாயிலும் வேண்டும். இற்றை அடுக்ககங்கள் பலவற்றில் நடுவில் ஓர் இருண்ட நடைபாதை; அதன் இருமருங்கும் கதவுகள்; ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருபுறம் மட்டுமே சாளரம். நுழைந்த காற்று போக வழியின்றி நின்றுவிடுகின்றது. ஆகலின் குளிர்பதனி வாங்குகின்றனர். அது உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகின்றது. வெளியே என்பது யாது? அடுத்த வீட்டாரின் சாளரம். அவர் தம் சாளரத்தை மூடித் தாமும் ஒன்று வாங்குகின்றார். இவ்வாறு, முற்றத்திற்கு விட வேண்டிய நூறு சதுர அடியை மிச்சப்படுத்தியவர், அதன் விலையை வாழ்நாள் முழுதும் மின்கட்டணமாகக் கட்டிக்கொண்டிருக்கின்றார். வீண் எது என்பதை அவரே கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

காற்றைப் பாராமல் வீடு வாங்குவோர் வேறொன்றைத் தவறாது பார்க்கின்றனர். அதுதான் 'வாசுத்து' என்னும் பெயரில் நடக்கும் வாணிகம். கிழக்குப் பார்த்த வாயிலுக்கு ஒரு விலை, தெற்குப் பார்த்த வாயிலுக்கு ஒரு விலை. அடுக்ககத்தில் கிழக்குப் பார்த்த வாயில் எதனைப் பார்க்கின்றது? ஞாயிற்றை அன்று, எதிர்வீட்டுக் கதவையும் நடைபாதை மின்விளக்கையுமே பார்க்கின்றது. நெடுநல்வாடைக் காலத்து மனைநூல் அறிஞர், இரு கோல்களை நட்டு, நண்பகலில் நிழலின் நிலை கண்டு திசை தேர்ந்து, நூல் பிடித்து மனை வகுத்தனர். அங்கும் தெய்வ வணக்கம் இருந்தது. எனினும் அளவு பொய்க்கவில்லை. நிழலை அளந்தவரின் வழிவந்தோர், இன்று மேற்குச் சுவரில் பிற்பகல் முழுதும் வெயில் காயும் படுக்கையறையைக் கிழக்கு வாயிலின் பெயரால் கூடுதல் விலைக்கு வாங்குவது நகைப்பிற்குரியது.

எனினும் பழைய வீட்டைப் பொன்வீடாகக் காட்டுவதும் அறிவுடைமையன்று. அப்பழைய வீட்டின் அடுக்களையில் புகை போக வழியின்றிப் பெண்கள் கண்கெட்டனர். வீட்டிலேயே மிக இருண்ட இடம் அதுவே. திங்கள்தோறும் மூன்று நாள் பெண்ணைக் கொல்லைப்புறத்து ஒதுக்கிய வீடும் அவ்வீடே. கழிப்பிடத்தைத் துப்புரவு செய்ய, முன்வாயிலில் நுழையக்கூடாத ஒருவர் பின்சந்து வழியே வந்து தலையிற் சுமந்து சென்றாரே, அக்கொடுமையும் அவ்வீட்டின் அமைப்பிலேயே அடங்கியிருந்தது. திண்ணையில் எவரும் அமரலாம் என்பதும் எல்லாத் தெருவுக்கும் எல்லார்க்கும் பொருந்திய உண்மையன்று. அமரத் தக்கவர் இன்னார், நிற்கத் தக்கவர் இன்னார், தெருவுக்குள்ளேயே வரத்தகாதவர் இன்னார் என்று சாதி வகுத்திருந்தது. அடுக்களைச் சுவரை இடித்து, சமைப்பவளையும் பேச்சில் கலந்துகொள்ளச் செய்யும் இற்றை அமைப்பை இளையோர் விரும்புவதில் ஒரு நேர்மை உண்டு. அதனைப் பழமையின் பெயரால் பழித்தல் தகாது.

அங்ஙனமாயின் அடுக்ககம் அச்சாதியை ஒழித்ததா? இங்கேதான் நெஞ்சு கொதிக்கின்றது. சென்னையில் வாடகைக்கு வீடு தேடிச் சென்றவரைக் கேட்டால் தெரியும். 'மரக்கறி உண்போர்க்கு மட்டும்' என்று எழுதி வைக்கின்றனர். எழுதாதவர் வாயால் கேட்கின்றனர். பெயரைக் கேட்டு மதத்தை அறிகின்றனர். ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, தந்தை பெயரைக் கேட்டுச் சாதியை அறிய முயல்கின்றனர். மீனும் ஊனும் உண்டதாகச் சங்க நூல்கள் நெடுகிலும் கூறும் ஒரு மக்கள், தம் தலைநகரில், தம் உணவைச் சொல்ல அஞ்சி வீடு தேடுகின்றனர். அடுக்ககத்திற்குள் வேலை செய்ய வரும் பெண்களுக்குத் தனி மின்தூக்கி. சில இடங்களில் அவர்க்கு மின்தூக்கியே இல்லை, படிக்கட்டுத்தான். அறுபது வீடுகளின் கழிவறைகளைத் துலக்குவோர் தாம் ஒதுங்க ஒரு கழிவறை இல்லாத அடுக்ககங்கள் உள. பழைய வீட்டிலிருந்து புதிய வீட்டிற்குக் குடிபெயர்ந்தபோது திண்ணை கீழேயே நின்றுவிட்டது; தீண்டாமை மின்தூக்கியில் ஏறி வந்துவிட்டது. விட்டுவர வேண்டியதைக் கொண்டுவந்து, கொண்டுவர வேண்டியதை விட்டுவந்த மடமையே இற்றை அடுக்கக வாழ்வின் முதற்குறை.

ஒரு கூரையின்கீழ்ப் பல குடும்பம் வாழ்வது தமிழர்க்குப் புதிதன்று. செட்டிநாட்டுப் பெருவீடுகளைப் பார்த்தோர், பருமா நாட்டுத் தேக்குத் தூண்களையும் முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுவர்ப் பூச்சையும் ஆத்தங்குடித் தரைக்கற்களையும் வியந்து திரும்புகின்றனர். வியக்கத்தக்கது வேறொன்று. அவ்வீட்டில் மணமான ஒவ்வொரு மகனும் தன் மனைவியோடு ஒரு தனிப்புள்ளி. வளவைச் சுற்றிலும் அவரவர்க்குத் தனியறை. சமையலும் கணக்கும் தனித்தனி. முற்றமும் முகப்பும் நன்மை தீமை நிகழ்ச்சிகளும் பொது. நெல்லைப் புறத்து வளவு வீடுகளிலும் ஒரு பொது வெளியைச் சுற்றிச் சிறு சிறு குடித்தனங்கள் அடுத்தடுத்து வாழ்ந்தன. தனிமையும் பொதுமையும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதை அவ்வீடுகளைக் கட்டியோர் எண்ணிப் பார்த்துள்ளனர். இற்றை அடுக்ககம் அவ்வளவை நட்டுக்குத்தாக நிறுத்தி, நடுவில் இருந்த பொதுவெளியை மட்டும் எடுத்து விற்றுவிட்ட வீடு. குறை அடுக்கியதில் இல்லை. பொதுவை அழித்ததில் உள்ளது.

இதனை மெய்ப்பிக்கச் சிங்கப்பூரைக் காட்டலாம். அங்கு 1960-ஆம் ஆண்டு தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் அந்நாட்டு மக்களுள் முக்கால் பங்கினர்க்கு மேல் வாழ்கின்றனர்; தமிழரும் அவருள் அடங்குவர். அக்கழகத்தை அங்குள்ள தமிழர் 'வீவக' என்று சுருக்கிச் சொல்கின்றனர். ஓர் அரசு நிறுவனத்திற்குத் தமிழில் பெயரிட்டு, அப்பெயரின் சுருக்கமும் மக்கள் நாவில் இயல்பாய்ப் புழங்குகின்றது. அவ்வடுக்குமாடிகள் பலவற்றில் கீழ்த்தளம் வீடின்றித் திறந்த வெளியாக விடப்பட்டுள்ளது. முதியோர் அங்கு அமர்ந்து பேசுகின்றனர், பிள்ளைகள் விளையாடுகின்றனர், திருமண விருந்தும் இறப்பு நிகழ்ச்சியும் அங்கேயே நடைபெறுகின்றன. ஒரே இனத்தார் ஒரு கட்டடத்தை முழுதும் நிரப்பிக்கொள்ளாதவாறு 1989-ஆம் ஆண்டு முதல் இனவாரி அளவும் வகுத்துள்ளனர். அவ்வளவினால் சிறுபான்மையர் தம் வீட்டை விற்குங்கால் இடர்ப்படுகின்றனர் என்னும் குறையும் அங்குக் கூறப்படுகின்றது. அந்நாட்டின் எல்லாவற்றையும் இங்குக் கொணர வேண்டுவதில்லை. ஆனால் மாடி மேல் மாடி கட்டினாலும் கீழே மாந்தர்க்கு இடம் விடலாம் என்பதற்கு அது சான்று.

இங்கோ, இடம் விடுவது இருக்கட்டும். விற்ற இடத்தையே அளந்து கொடுப்பதில்லை. ஆயிரம் சதுர அடி என்று சொல்லி விற்ற வீட்டை உள்ளே அளந்தால் 700 அல்லது 750 தேறும். மீதி எங்கே என்றால், படிக்கட்டிலும் நடைபாதையிலும் மின்தூக்கியிலும் உமக்குப் பங்கு என்பர். நடுவணரசு 2016-ஆம் ஆண்டு இயற்றிய வீட்டுமனை ஒழுங்காற்றுச் சட்டம், சுவர்களுக்குள் வீட்டார் புழங்கும் உட்பரப்பு இத்துணை என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கின்றது. வாங்குவோருள் எத்துணைப் பேர் அதனைக் கேட்டு வாங்குகின்றனர்? அதனினும் முதன்மையானது நிலப்பங்கு. இரண்டு மனை, அஃதாவது 4,800 சதுர அடி நிலத்தில், ஒத்த அளவினவாய்ப் பன்னிரண்டு வீடுகள் எழுந்தால் ஒவ்வொருவர்க்கும் உரிய பிரிபடாத நிலப்பங்கு 400 சதுர அடியே. கட்டடம் ஆண்டுதோறும் முதுமையடையும். அதன் மதிப்புத் தேயும். எஞ்சி நிற்பது அந்நிலப்பங்கே. வாழ்நாள் ஈட்டம் முழுவதையும் கொட்டியவர்க்கு உண்மையில் உரியது எவ்வளவு என்பது அவ்வொரு வரியில்தான் உள்ளது.

அவ்வரி எம்மொழியில் உள்ளது? பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழகத்தில் தமிழே ஆட்சிமொழி என்று 1956-ஆம் ஆண்டே சட்டம் இயற்றப்பட்டது. ஆவணத்தைத் தமிழில் எழுதிப் பதியத் தடை ஏதுமில்லை. சிற்றூரில் அரைக் காணி நிலம் விற்பவர் இன்றும் தெளிந்த தமிழில் எல்லை நான்கும் சொல்லி எழுதிப் பதிகின்றார். ஆனால் ஐம்பது இலக்கத்திற்கு அடுக்ககம் வாங்கும் பட்டதாரி, தனக்கே முழுதும் விளங்காத நாற்பது பக்க ஆங்கில உடன்படிக்கையில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்திட்டு வருகின்றார். கட்டி முடிக்கக் காலந் தாழ்த்தால் யாது இழப்பீடு, மொட்டைமாடி எவர்க்கு உரியது, வண்டி நிறுத்துமிடம் பொதுவா தனியா என்பனவெல்லாம் அதனுள் புதைந்து கிடக்கின்றன. தமிழக அரசின் 2022-ஆம் ஆண்டு அடுக்கக உரிமைச் சட்டத்தின்படி, உரிமையாளருள் மூன்றில் இரு பங்கினர் இசைந்தால் பழைய அடுக்ககத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம். இசையாதவர் எஞ்சிய மூன்றில் ஒரு பங்கினராயின் அவர் நிலை யாது? தம் உரிமை இன்னது என்று தம் மொழியிற் படித்தறியாதவர் அந்நாளில் விழிப்பார். ஈண்டுத் தாய்மொழி என்பது வெறும் உணர்ச்சி அன்று, கைப்பொருள்.

உயரக் கட்டியதெல்லாம் உறுதி என்னும் கருத்தும் உண்டு. 2014-ஆம் ஆண்டு சூன் 28-ஆம் நாள், சென்னைப் போரூரை அடுத்த மவுலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழையிடையே சரிந்து விழுந்தது. 61 பேர் மாண்டனர். பெரும்பாலோர் கட்டடத் தொழிலாளர். ஆந்திரத்திலிருந்து பிழைக்க வந்தோரும் அவருட் பலர். கூலிக்காகப் பிறர் வீட்டைக் கட்டி, தமக்கென ஒரு வீடில்லாமலே மாண்ட அவர்களை நினையாமல், கூடத்துத் தரைக்கல்லின் பளபளப்பை மட்டும் பார்த்து வீடு வாங்குவது மாந்தத் தன்மையன்று.

வீட்டிற்குத் தமிழ்ப்பெயர் இட்டுவிட்டால் எல்லாம் செப்பமாகிவிடும் என்று தமிழன்பர் எவரேனும் எண்ணினால் அதுவும் பிழையே. குடிசைகளிருந்த இடத்திலேயே நல்ல மாடிவீடுகள் கட்டித் தரும் நோக்கத்தோடு 1970-ஆம் ஆண்டு தமிழகத்தில் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 2021-ஆம் ஆண்டு அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறிற்று. இடைக்காலத்தில் ஏழையரை நகரின் நடுவிலிருந்து பெயர்த்து ஒக்கியம் துரைப்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தும் வழக்கம் தோன்றியது. துரைப்பாக்கத்துக் குடியிருப்பிற்குக் கண்ணகி நகர் என்று பெயர். நல்ல தமிழ்ப்பெயர், நீதி கேட்ட பெண்ணின் பெயர். ஆனால் அங்குக் கொண்டுவிடப்பட்டோர், வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் நெடுந்தொலைவு அலைந்தனர். 'கண்ணகி நகரில் இருக்கின்றேன்' என்று சொன்னால் வேலை கிடைப்பதில்லை என்று அங்குள்ள இளையோர் வருந்திக் கூறினர். பெயரைத் தமிழில் வைத்து வாழ்வை ஊர்ப்புறத்தே ஒதுக்குவது, ஊர் என்றும் சேரி என்றும் பிரித்த பழைய கோட்டையே மீண்டும் வரைவதாகும்.

மீண்டும் அந்தத் திண்ணைக்கு வருக. திருக்கோவலூரில் மழையிரவொன்றில், ஒருவர் படுக்கலாம், இருவர் அமரலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவினதாகிய ஓர் இடைகழியில், முன்பின் அறியாத ஆழ்வார் மூவர் ஒருவர்க்கொருவர் இடங்கொடுத்து நின்றனர் என்று மாலியர் ஒரு கதை கூறுவர். கதையை நம்புவோர் நம்புக, நம்பாதோர் விடுக. அக்கதையில் வரும் வீட்டின் இயல்பு பொய்யன்று. வீட்டின் மிகச் சிறிய இடமும் அயலவர் ஒருவர்க்கு ஒதுங்க உதவும் என்னும் எண்ணம் அவ்வீட்டைக் கட்டியவர்க்கு இருந்தது. ஆயிரத்து ஐந்நூறு சதுர அடி அடுக்ககத்தில் அவ்வெண்ணத்திற்கு ஓரடி இடமும் இல்லை.

தஞ்சைப் புறத்துச் சிற்றூர் ஒன்றில் அறுபதாண்டு வாழ்ந்த மூதாட்டி ஒருவர், கணவர் மறைந்த பின், சென்னையில் எட்டாம் மாடியில் வாழும் மகனிடம் வந்து சேர்ந்தார். மகன் அன்புடையவர், தாய்க்குத் தனியறையும் தனிக் குளியலறையும் கொடுத்தார். வந்த மூன்றாம் நாள் அத்தாய், "ஏம்ப்பா, பொழுது சாஞ்சா இங்க எங்க உட்கார்றது?" என்று கேட்டார். மகன் கூடத்து நீள்இருக்கையைக் காட்டினார். "அது உள்ளே பார்த்துல்ல இருக்கு, வெளியே பார்த்து எங்கப்பா உட்கார்றது?" என்றார் தாய். மகனுக்கு விடை தெரியவில்லை.

சில நாளில் அவரே விடை கண்டார். மாலையில் மின்தூக்கியில் இறங்கி வாயிலுக்குச் சென்றார். அங்கிருந்த காவற்காரர், விழுப்புரத்துப் பக்கத்து உழவர். நிலம் பொய்த்துப் பிழைக்க வந்தவர். "உட்காருங்கம்மா" என்று தம் நெகிழி நாற்காலியைக் கொடுத்துத் தாம் படியில் அமர்ந்தார். இருவரும் மழையையும் நாற்றங்காலையும் மாட்டையும் பற்றிப் பேசினர். அவ்வடுக்ககத்தில் எஞ்சியிருந்த ஒரே திண்ணை அந்த நாற்காலி. ஒரு திங்கள் சென்றது. அடுக்கக உரிமையாளர் கழகத்திலிருந்து மகனுக்கு ஒரு மடல் வந்தது. குடியிருப்போர் வாயிற்காவலரோடு அமர்ந்து பேசுவது காவற்பணிக்கு இடையூறு என்றும், அடுக்ககத்தின் தோற்றத்திற்கு ஏற்றதன்று என்றும் அதில் கண்டிருந்தது. மடல் ஆங்கிலத்தில் இருந்தமையால் மகன் படித்துப் பொருள் சொன்னார். மூதாட்டி ஒன்றும் கூறவில்லை. மறுநாள் முதல் கீழே இறங்கவுமில்லை.

அவ்வாண்டே அவர் மறைந்தார். உடலைக் கூடத்தில் வைத்தால் எதிர்வீட்டார்க்கு இடையூறு என்றனர். வண்டி நிறுத்துமிடத்தில் இரு மகிழுந்துகளுக்கு இடையில் இரண்டு மணிநேரம் வைத்துக்கொள்ள இசைவு தந்தனர். மின்தூக்கியில் படுத்தவாறு கொண்டுவர இயலாமையால் உடலைத் துணியிற் கட்டி எட்டு மாடியும் படிவழியே இறக்கினர். இறக்கும்போது ஒரு முனையைத் தாங்கியவர் அந்தக் காவற்காரர். இடுகாட்டிற்கு அவரால் போக முடியவில்லை. வாயிலை விட்டு அகலக்கூடாது என்பது அவர்க்கு இட்ட கட்டளை.

இதைப் படிப்போர், அடுக்ககத்தார் எல்லாரும் கல்நெஞ்சர் என்று முடிவு கட்டிவிடுதல் வேண்டா. 2015-ஆம் ஆண்டு திசெம்பர்த் திங்களில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, பல அடுக்ககங்களில் கீழ்த்தளத்தாரை மேல்மாடியார் தம் வீட்டிற்கு அழைத்துக்கொண்டனர். பெயரும் தெரியாதிருந்தோர் ஒரே அடுப்பில் சமைத்து உண்டனர். அண்டைக் குடிசைகளிலிருந்து வந்தோர்க்கும் சில இடங்களில் கதவு திறந்தது. அந்நாள்களில் எவரும் எவரது உணவையும் சாதியையும் கேட்கவில்லை. தண்ணீர் வடிந்தது, கதவுகள் மீண்டும் மூடிக்கொண்டன. ஆகவே, ஈரம் நெஞ்சில் இல்லாமற் போகவில்லை; அது நாள்தோறும் வெளிப்பட வீட்டின் அமைப்பில் இடமில்லாமற் போயிற்று. வெள்ளம் வந்தால்தான் அயலவரைக் காண வேண்டும் என்னும் அமைப்பு நல்ல அமைப்பன்று.

செய்யத்தக்கன யாவை? நகர்களில் நிலம் சுருங்கிவிட்டது, மக்கள் பெருகிவிட்டனர். அனைவர்க்கும் திண்ணையும் முற்றமும் உள்ள தனி வீடு வேண்டும் என்பது நடவாத பேச்சு. நடக்கக்கூடியவை வேறு உள. வாங்க நினைப்போர் நண்பகலில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் சென்று பார்க்கட்டும். இரு புறமும் காற்றோடுகின்றதா, மேற்குச் சுவர் காய்கின்றதா என்று அறியட்டும். உட்பரப்பு எவ்வளவு, நிலப்பங்கு எவ்வளவு என்று எழுத்தில் கேட்கட்டும். ஆவணத்தைத் தமிழில் எழுதித் தந்தாலன்றிக் கையெழுத்திட மறுக்கட்டும். பத்துப் பேர் மறுத்தால் பதினோராம் ஆவணம் தமிழில் வரும். விற்போர்க்கு மொழிப்பற்று இல்லை, பணப்பற்றே உண்டு.

அடுக்ககத்தில் ஏற்கெனவே வாழ்வோர் தம் கழகத்தின் நெறிகளைத் தமிழில் எழுதட்டும். எழுதுங்கால், வேலைக்கு வரும் பெண்ணும் படிக்கும் என்னும் நினைவோடு எழுதட்டும். அந்நினைவு வந்தால் பாதி நெறிகளை எழுதக் கை கூசும். உணவையும் சாதியையும் மதத்தையும் கேட்டு வீடு மறுப்பதை அறவே நீக்கட்டும். உழைக்க வருவோர்க்கு மின்தூக்கியும் கழிவறையும் குடிநீரும் உரிமையாகட்டும். வாயிலருகே, ஒன்றரை அடி உயரத்தில், பத்தடி நீளத்தில், தெருவைப் பார்த்து ஒரு திண்ணை கட்டட்டும். அதற்கு ஆகும் செலவு, வாயிலில் ஆங்கிலப் பெயரைப் பித்தளை எழுத்தில் பொறிப்பதற்கு ஆகும் செலவினும் மிகாது. நன்மைக்கும் தீமைக்கும் கூட ஒரு பொதுக்கூடம் ஒதுக்கட்டும். மாண்டவர் உடலை மகிழுந்துகளுக்கு இடையில் வைக்கும் இழிவு ஒழியட்டும்.

அரசும் இதில் செய்ய வேண்டியது உண்டு. 2003-ஆம் ஆண்டு தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேமிப்பு அமைக்க வேண்டும் என்று அவசரச் சட்டம் வந்தது. முடியாது என்றவர்களும் குழாய் இறக்கினர், குழி தோண்டினர். அடுக்ககம் கட்டுவோர் இத்துணை வண்டிகளுக்கு இடம் விட வேண்டும் என்று கட்டட நெறிகள் கூறுகின்றன. பெரிய மனைகளில் திறந்தவெளியும் விடச் சொல்கின்றன. மழைத்துளிக்கும் மகிழுந்துக்கும் இடம் விடச் செய்யும் சட்டம், சிறிய அடுக்ககத்தில் மாந்தர் பத்துப் பேர் அமர இடம் விடச் செய்தால் என்ன? தமிழகத்துக் கட்டடக் கலை மாணவர் எழுப்ப வேண்டிய வினா இது. சட்டமன்றத்தில் கேட்கப்பட வேண்டிய வினாவும் இதுவே.

திண்ணை என்னுஞ் சொல் அகரமுதலியில் இருக்கும். அதற்கு இடர் இல்லை. அச்சொல்லைச் சொன்னவுடன் எழுந்து நகர்ந்து பக்கத்தில் இடம் விட்ட மக்கள் இருக்கின்றனரா என்பதே வினா. அடுத்த முறை மின்தூக்கியிலிருந்து இறங்கும் தமிழர், வாயிலில் நிற்கும் காவற்காரரின் பெயரைக் கேட்டு அறியட்டும். அவர் அமர இடமுண்டா, அவரோடு அமர முதியோர்க்கு இடமுண்டா என்று பார்க்கட்டும். இல்லையெனின், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முதற்பொருளாக அதனை, தமிழில், எடுத்துப் பேசட்டும்.